நிகழ்பட ஆட்டத் துறை ஆட்குறைப்புகள் (2022–2025)

நிகழ்பட ஆட்டத் துறை ஆட்குறைப்புகள் என்பது, வீடியோ கேம் என்று பரவலாக அறியப்படும் நிகழ்பட ஆட்டங்களை உருவாக்கி வெளியிடும் நிறுவனங்கள் 2022 ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் 2025 வரை அலையலையாக மேற்கொண்ட பணிநீக்கங்களையும் ஸ்டூடியோ மூடல்களையும் குறிக்கும். ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஐக்கிய இராச்சியம், சுவீடன், செருமனி, யப்பான் முதலிய நாடுகளில் இதன் தாக்கம் உணரப்பட்டது. 2023 ஆம் ஆண்டில் மட்டும் 10,000 பேருக்கு மேல் வேலை இழந்தனர். 2024 இல் இத்தொகை மேலும் கூடியது. எல்லா நிறுவனங்களும் எண்ணிக்கையை வெளியிடுவதில்லை ஆதலால் இவை செய்தி அறிக்கைகளிலிருந்து தொகுக்கப்பட்ட மதிப்பீடுகளே ஆகும்.

ஒரு தொழில் நலிவடையும்போது அதில் பணிபுரிவோர் வேலை இழப்பது வழமை. 1983 இல் வட அமெரிக்க நிகழ்பட ஆட்டச் சந்தை சரிந்தபோது அதுவே நடந்தது. உச்சத்தில் சுமார் 3.2 பில்லியன் அமெரிக்க டாலராக இருந்த ஆண்டு விற்பனை 1985 அளவில் ஏறத்தாழ 100 மில்லியன் டாலராகச் சுருங்கியது. வாங்குவோர் இல்லாமையால் நிறுவனங்கள் மூடப்பட்டன. 2023 இன் நிலை முற்றிலும் வேறானது. சந்தை ஆய்வு நிறுவனமான நியூசூவின் கணிப்புப்படி அவ்வாண்டில் உலக நிகழ்பட ஆட்டச் சந்தையின் மதிப்பு சுமார் 184 பில்லியன் டாலர். நிண்டெண்டோ அவ்வாண்டு மே மாதம் வெளியிட்ட செல்டா வரிசை ஆட்டம் மூன்று நாட்களில் 10 மில்லியன் படிகள் விற்றது. பெல்சிய நிறுவனமான லாரியன் உருவாக்கிய பால்டர்ஸ் கேட் 3 பெரும் வெற்றி பெற்று ஆண்டின் சிறந்த ஆட்டமாகத் தெரிவு செய்யப்பட்டது. ஆட்டங்களை விரும்புவோர் நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கும் ஆண்டாகவும், அவற்றை உருவாக்குவோர் மறக்க விரும்பும் ஆண்டாகவும் 2023 அமைந்தது எனலாம்.

பின்னணி

2020 இல் கோவிட்-19 பெருந்தொற்றுக் காரணமாக மக்கள் வீடுகளில் முடங்கியபோது நிகழ்பட ஆட்டங்களுக்கான தேவை திடீரென உயர்ந்தது. இவ்வுயர்வு நிலையானது என்று பல நிறுவனங்களின் தலைமைகள் கருதின. அக்காலத்தில் வட்டி விகிதங்கள் மிகக் குறைவாக இருந்தமையால் கடன் பெறுவதும் முதலீடு திரட்டுவதும் எளிதாயின. நிறுவனங்கள் புதிதாக ஆட்களைச் சேர்த்ததோடு, ஒன்றையொன்று விலைக்கு வாங்கவும் தொடங்கின. மைக்ரோசாப்ட் 2021 இல் பெத்தெஸ்டாவின் தாய் நிறுவனமான செனிமாக்சை 7.5 பில்லியன் டாலருக்கு வாங்கியது. டேக்-டூ நிறுவனம் 2022 இல் செல்பேசி ஆட்டங்களுக்குப் பெயர் பெற்ற சிங்காவை 12.7 பில்லியன் டாலருக்கும், சோனி அதே ஆண்டில் பங்கி நிறுவனத்தை சுமார் 3.6 பில்லியன் டாலருக்கும் வாங்கின.

பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த அமெரிக்க நடுவண் வங்கி 2022 மார்ச்சில் வட்டியை உயர்த்தத் தொடங்கியது. அதுவரை ஏறத்தாழ சுழியமாக இருந்த விகிதம் 2023 சூலையில் 5.25–5.5 விழுக்காட்டை எட்டியது. மக்களும் வீட்டுக்கு வெளியே செல்லத் தொடங்கினர். தேவை பெருந்தொற்றுக்கு முந்திய அளவுக்குக் கீழே செல்லவில்லை. ஆனால் எதிர்பார்க்கப்பட்ட வேகத்தில் வளரவும் இல்லை. வளரும் என்ற நம்பிக்கையில் பெற்ற கடனும் செய்த செலவும் மட்டும் எஞ்சின.

எம்பிரேசர் குழுமம்

மேற்கூறியவற்றை ஒரே நிறுவனத்தின் வரலாற்றில் காண விரும்புவோர் சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் தலைமையகம் கொண்ட எம்பிரேசர் குழுமத்தை நோக்கலாம். இதன் நிறுவனர் லார்சு விங்கேபோர்ஸ், பதின்ம வயதிலேயே பழைய சித்திரக்கதை நூல்களை அஞ்சல் வழி விற்று வணிகத்துக்கு வந்தவர். திவாலான நிறுவனங்களின் ஆட்டங்களையும் வணிகப் பெயர்களையும் மலிவாக வாங்குவது இவரது தொடக்ககால முறையாக இருந்தது. 2013 இல் டி.எச்.கியூ என்ற அமெரிக்க வெளியீட்டு நிறுவனம் வீழ்ந்தபோது அதன் உடைமைகளில் ஒரு பகுதியை வாங்கி, பின்னர் அப்பெயரையும் வாங்கினார்.

2016 இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பின்னர் வாங்கும் வேகம் கூடியது. பங்கு விலை உயர்ந்துகொண்டிருந்த வரை புதிய பங்குகளை வெளியிட்டே நிறுவனங்களை வாங்க முடிந்தது. கியர்பாக்ஸ், சேபர், பலகை ஆட்டங்களை வெளியிடும் அஸ்மோடி, டூம் ரைடர் வரிசைக்குரிய கிரிஸ்டல் டைனமிக்ஸ் ஆகியவை அடுத்தடுத்துக் குழுமத்தில் சேர்ந்தன. தோல்கீனின் நூல்களை ஒட்டிய திரைப்பட, ஆட்ட உரிமைகளை வைத்திருந்த நிறுவனமும் 2022 இல் வாங்கப்பட்டது. சுமார் 17,000 பணியாளரும் 130 க்கும் மேற்பட்ட ஸ்டூடியோக்களும் ஒரே குடையின் கீழ் வந்தன.

2023 மே 24 அன்று, கைச்சாத்தாகவிருந்த 2 பில்லியன் டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் ஒன்று நிறைவேறாது என எம்பிரேசர் அறிவித்தது. மறுதரப்பு சவூதி அரேபிய அரசின் முதலீட்டு நிதியத்துக்குச் சொந்தமான சேவி நிறுவனம் என்று பின்னர் செய்திகள் வெளிவந்தன. அன்று ஒரே நாளில் குழுமத்தின் பங்கு விலை 40 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது. அடுத்த மாதம் "மறுசீரமைப்புத் திட்டம்" அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதிக்குள் 1,387 பேர் நீக்கப்பட்டனர்.

மூடப்பட்ட ஸ்டூடியோக்களுள் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் இயங்கிய வோலிஷன் ஒன்றாகும். செயின்ட்ஸ் ரோ வரிசையை உருவாக்கிய இந்த ஸ்டூடியோ 2000 இல் டி.எச்.கியூவுக்கும், 2013 இல் செருமனியின் கோக் மீடியாவுக்கும், 2018 இல் எம்பிரேசரின் முன்னோடி நிறுவனத்துக்கும் கைமாறியது. 2022 இல் வெளிவந்த புதிய செயின்ட்ஸ் ரோ ஆட்டம் வரவேற்புப் பெறவில்லை. 2023 ஆகத்து 31 அன்று, 30 ஆண்டு வரலாறு கொண்ட இந்த ஸ்டூடியோ உடனடியாக மூடப்பட்டது. இங்கிலாந்தின் நொட்டிங்காமில் தோன்றிய பிரீ ராடிக்கல் டிசைன் அடைந்த கதி இன்னும் விந்தையானது. டைம்ஸ்பிளிட்டர்ஸ் ஆட்டங்களால் அறியப்பட்ட இது 2008 இறுதியில் நொடித்து, கிரைடெக் நிறுவனத்தால் வாங்கப்பட்டு, 2014 இல் மூடப்பட்டது. எம்பிரேசர் 2021 இல் பழைய உறுப்பினர்களைக் கொண்டே இதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2023 டிசம்பரில் மீண்டும் மூடியது. இடைப்பட்ட காலத்தில் ஓர் ஆட்டமும் வெளிவரவில்லை. கொதிக் வரிசையை உருவாக்கிய செருமனியின் பிரானா பைட்ஸ் 2024 இல் மூடப்பட்டது. கியர்பாக்ஸ் 460 மில்லியன் டாலருக்கு டேக்-டூவுக்கு விற்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதை வாங்க உடன்பட்ட விலை, நிபந்தனைத் தொகைகளையும் சேர்த்து, 1.3 பில்லியனைத் தாண்டியது.

மைக்ரோசாப்ட்

கடன் சுமை இல்லாத, உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்றான மைக்ரோசாப்டும் இதே வழியில் சென்றமையால் வட்டி விகிதம் மட்டுமே காரணம் என்று கூற இயலாது. இந்நிறுவனம் 2023 அக்டோபரில் ஆக்டிவிஷன் பிளிசார்டை 68.7 பில்லியன் டாலருக்கு வாங்கி முடித்தது. மூன்று மாதங்கள் கழித்து, 2024 சனவரி 25 அன்று, தன் ஆட்டப் பிரிவில் 1,900 பேரை நீக்கியது. நீதிமன்றத்தில் இக்கொள்வனவை எதிர்த்து வந்த அமெரிக்க நடுவண் வணிக ஆணையம், இரு நிறுவனங்களும் தனித்தனியே இயங்கும் என்று முன்னர் கூறப்பட்டதற்கு இது முரணானது என்று சுட்டிக்காட்டியது. ஆக்டிவிஷன் ஏற்கெனவே ஆட்குறைப்புக்குத் திட்டமிட்டிருந்தது என்பது மைக்ரோசாப்டின் பதில்.

2024 மே 7 அன்று செனிமாக்சைச் சேர்ந்த ஆர்க்கேன் ஆஸ்டின், டோக்கியோவின் டேங்கோ கேம்வொர்க்ஸ் முதலிய ஸ்டூடியோக்கள் மூடப்படும் என அறிவிக்கப்பட்டது. ஆர்க்கேன் ஆஸ்டினின் ரெட்பால் 2023 இல் தோல்வியுற்றிருந்தது. டேங்கோவுக்கு அத்தகைய காரணமும் இல்லை. ரெசிடன்ட் ஈவில் ஆட்டத்தின் படைப்பாளர் சிஞ்சி மிக்காமி தொடங்கிய இந்த ஸ்டூடியோவின் ஹை-பை ரஷ், முன்னறிவிப்பின்றி வெளிவந்து பாராட்டப்பட்ட இசை ஆட்டம். மூடல் அறிவிப்புக்கு ஒரு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்புதான் அசைவூட்டத்துக்கான பாப்டா விருதைப் பெற்றிருந்தது. மறுநாள் பணியாளர் கூட்டத்தில், நற்பெயரும் விருதும் பெற்றுத் தரும் சிறிய ஆட்டங்கள் நமக்குத் தேவை என்று பிரிவின் உயர் அலுவலர் ஒருவர் பேசியதாக வெளியான செய்தி பெரும் ஏளனத்துக்கு உள்ளானது. சில மாதங்களில் தென்கொரியாவின் கிராப்டன் நிறுவனம் டேங்கோவை ஏற்றுக்கொண்டது. இவ்வாறு மீண்ட ஸ்டூடியோக்கள் மிகச் சில.

2025 சூலையில் மைக்ரோசாப்ட் அனைத்துப் பிரிவுகளிலும் சேர்த்து சுமார் 9,000 பேரை நீக்கியது. தி இனிஷியேட்டிவ் ஸ்டூடியோ மூடப்பட்டது; பல ஆண்டுகளாக உருவாக்கத்தில் இருந்த பர்பெக்ட் டார்க், எவர்வைல்ட் ஆகியவை கைவிடப்பட்டன. 2025 சூனில் முடிந்த நிதியாண்டில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களில் சுமார் 80 பில்லியன் டாலர் முதலிடப்போவதாக நிறுவனம் ஏற்கெனவே அறிவித்திருந்தது.

உருவாக்கச் செலவும் விளையாடும் நேரமும்

பெரிய ஆட்டங்களின் செலவு பொதுவாக மறைத்தே வைக்கப்படும். 2023 இல் மேற்கூறிய வழக்கில் சரிவர மறைக்கப்படாத ஓர் ஆவணம் வழியே, சோனியின் தி லாஸ்ட் ஆப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு சுமார் 220 மில்லியன் டாலர் செலவானது தெரியவந்தது. இத்தொகையை ஈடுசெய்யப் பல மில்லியன் படிகள் விற்க வேண்டும். உருவாக்கத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் செல்வதால், பணி தொடங்கும்போது இருந்த சந்தை வெளியீட்டின்போது இருப்பதில்லை.

போட்டி புதிய ஆட்டங்களுக்கிடையே மட்டும் நிகழ்வதில்லை. போர்ட்நைட், ரோப்லாக்ஸ், கிராண்ட் தெப்ட் ஆட்டோவின் இணைய வடிவம் போன்றவை ஓயாது புதுப்பிக்கப்படுபவை. ஒருமுறை நுழைந்தவர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருப்பர். 2023 இல் கணினியிலும் ஆட்டக் கருவிகளிலும் செலவான நேரத்தில் பாதிக்கு மேற்பட்டது ஆறு ஆண்டுகளோ அதற்கு மேலோ பழமையான ஆட்டங்களுக்கே சென்றதாக நியூசூ கணித்தது. அதே வருவாயை எதிர்நோக்கி வெளியீட்டு நிறுவனங்கள் தாமும் அத்தகைய ஆட்டங்களில் இறங்கின. சோனியின் கான்கார்ட் 2024 ஆகத்து 23 அன்று வெளியாகி, செப்டம்பர் 6 அன்று நிறுத்தப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. அதை உருவாக்கிய பயர்வாக் ஸ்டூடியோ அக்டோபரில் மூடப்பட்டது. போர்ட்நைட்டின் உரிமையாளரான எபிக் நிறுவனமே 2023 செப்டம்பரில் ஏறத்தாழ 830 பேரை நீக்கியது என்பதையும் இங்கு கருத வேண்டும்.

யப்பானில்

யப்பானிய நிறுவனங்கள் இக்காலத்தில் பெரும்பாலும் எதிர்த்திசையில் சென்றன. நிண்டெண்டோ 10 விழுக்காடு ஊதிய உயர்வு அளித்தது. கேப்காம், சேகா, கோயி டெக்மோ ஆகியனவும் ஊதியத்தை உயர்த்தின. போதிய காரணமின்றிப் பணியாளரை நீக்குவது யப்பானியச் சட்டப்படி கடினம். மரபும் ஒரு காரணம்: நிண்டெண்டோ நட்டத்தில் இருந்த 2014 இல் அதன் தலைவர் சத்தோரு இவாட்டா தம் ஊதியத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார், ஆட்குறைப்பு செய்தால் எஞ்சியோரின் மனவூக்கம் கெடும் என்பது அவரது நிலைப்பாடு.

பணியாளர் நிலை

அமெரிக்காவில் 100 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரைக் கொண்ட நிறுவனங்கள் பெருமளவு ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் எனச் சட்டம் உள்ளது. இதற்கு மாற்றாக, அன்றே வெளியேற்றிவிட்டு அந்நாட்களுக்குரிய ஊதியத்தை வழங்குவதும் உண்டு. எச்-1பி நுழைவிசைவில் பணியாற்றும் வெளிநாட்டவர் வேலை இழந்தால் பொதுவாக 60 நாட்களுக்குள் வேறு வேலை தேட வேண்டும், அல்லது நாட்டை விட்டு வெளியேற வேண்டும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை தேடும் துறையில் இது மிகக் குறுகிய காலம். ஆட்ட உருவாக்குநர் மாநாட்டின் 2025 ஆய்வில் பங்கேற்றோருள் 11 விழுக்காட்டினர் முந்திய ஓராண்டில் தாம் நீக்கப்பட்டதாகக் கூறினர். ஆட்டங்களுக்குக் கதை எழுதுவோரிடையே இவ்விகிதம் மேலும் அதிகம்.

வேலையோடு பெயரும் இழக்கப்படுவதுண்டு. வெளியீட்டுக்கு முன் வெளியேறியவர்களின் பெயரை ஆட்டத்தின் இறுதிப் பெயர்ப்பட்டியலில் சேர்க்கும் கட்டாயம் எதுவும் இல்லை. ஓர் ஆட்டத்தில் நான்கு ஆண்டுகள் உழைத்தவருக்கு அடுத்த வேலைக்குக் காட்டச் சான்று இல்லாமற் போகலாம். ஆட்டமே கைவிடப்பட்டால் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தின் காரணமாக அதைப் பற்றிப் பேசவும் முடியாது.

தொழிற்சங்கங்கள் மிகக் குறைவாக இருந்த இத்துறையில் இக்காலத்தில் அவை வளர்ந்தன. 2023 சனவரியில் செனிமாக்சின் தரச்சோதனைப் பணியாளர் சுமார் 300 பேர் சங்கம் அமைத்தனர். 2024 இல் வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட் ஆட்டத்தின் பணியாளர் 500 பேர் அளவில் இணைந்தனர். 2025 மார்ச்சில், வேலை இழந்தோரும் சேரக்கூடிய நாடளாவிய சங்கம் ஒன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கப்பட்டது. பிரான்சில் 2025 பெப்ரவரியில் துறை தழுவிய வேலைநிறுத்தம் நடைபெற்றது. சங்கம் இருப்பது ஆட்குறைப்பைத் தடுப்பதில்லை. இழப்பீடு, முன்னறிவிப்பு ஆகியவற்றைப் பேரம் பேச உதவுகிறது.

மூடலுக்குப் பின் உரிமைகள்

ஸ்டூடியோ மூடப்பட்டாலும் அது உருவாக்கிய ஆட்டங்களின் உரிமை தாய் நிறுவனத்திடமே தங்கும். மோனோலித் புரொடக்சன்ஸ் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாகும். 1994 இல் தொடங்கப்பட்ட இந்த ஸ்டூடியோ 2014 இல் வெளியிட்ட ஷேடோ ஆப் மோர்டோர் ஆட்டத்தில் நெமிசிசு என்னும் முறையை அறிமுகம் செய்தது. எதிரிப் படையினர் ஆட்டக்காரருடன் நிகழ்ந்த முந்திய மோதல்களை நினைவில் வைத்து, பதவி உயர்ந்து, பழிதீர்க்கத் திரும்பி வருவர் என்பது இம்முறையின் சாரம். வார்னர் பிரதர்ஸ் இதற்கு 2021 இல் காப்புரிமை பெற்றது. 2025 பெப்ரவரியில் வார்னர் மோனோலித்தை மூடி, அது உருவாக்கி வந்த வொண்டர் வுமன் ஆட்டத்தையும் கைவிட்டது. காப்புரிமை 2036 வரை வார்னரிடம் இருக்கும்; அம்முறையை வகுத்தவர்கள் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்து அதைப் பயன்படுத்த விரும்பினால் உரிமம் பெற வேண்டும்.