சோழர் நிலக்கணக்கின் அடுக்குத் தொடரமைப்பு

வளநாடு முதல் முந்திரிகையின் நுண்பகுதி வரை ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் விவரங்களை ஒரே தொடரில் சொல்லும் எழுத்து முறை. முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த ஊர்களின் கல்வெட்டுகளில் இதன் முதிர்ந்த வடிவத்தைக் காணலாம். கணினிக் கட்டளை வரியில் அடுக்கடுக்கான அமைப்புகளைக் குறிக்கும் இன்றைய சிக்கலை இம்முறை கல்லிலேயே எதிர்கொண்டது.

ஊரைச் சுட்டும் வரிசை பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும்: நித்தவினோத வளநாடு, அதனுள் ஆவூர்க் கூற்றம், அதனுள் ஊர்.

முறையின் நுட்பம் பின்னங்களில்தான் இருக்கிறது. வேலி என்னும் நில அளவில் இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, 320இல் ஒன்று முந்திரிகை. அதற்கும் கீழே போகப் புதுப்பெயர் சூட்டவில்லை. ‘கீழ்’ என்று எழுதினால், பின்வரும் பின்னங்கள் அனைத்தும் 320ஆல் வகுக்கப்படும். ‘ஒரு மாக் கீழ் அரை’ என்பதில் அரையின் மதிப்பு 640இல் ஒன்று. மறுபடி ‘கீழ்’ வந்தால் இன்னொரு படி இறக்கம். மதிப்புகள் எப்போதும் இறங்குவரிசையில் வருவதால், மூடும் குறி எதுவும் தேவைப்படவில்லை. இப்படி வேலியில் 52,42,88,00,000இல் ஒரு பங்கு வரை எழுதினார்கள். காவிரி டெல்டாவில் இன்று வழங்கும் 6.6 ஏக்கர் வேலிக்கு அது ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். எந்தக் கோலும் அதை அளந்திருக்காது. கணக்கில் விழுந்த மிச்சத்தையும் விடாமல் பதிந்த நேர்மை அது.

விலக்குகளுக்கும் இடமுண்டு. ஊர் அளந்த மொத்த நிலம் முதலில் வரும். நத்தம், கோயில், குளம், சுடுகாடு, ஊடறுத்துப் போகும் வாய்க்கால் ஆகியவை ‘நீங்கு நிலம்’. அதை நீக்கியபின் இறைகட்டின நிலமும், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டிய நெல்லும் சொல்லப்படும்.

இன்றைய கட்டளை வரியில், கிட் மென்பொருளில் ‘ரிமோட்.ஆரிஜின்.யூஆர்எல்’ என்று புள்ளியிட்டு இறங்குகிறோம். ஹெல்ம் மென்பொருளில் பெயருக்குள்ளேயே புள்ளி இருந்தால், அதன்முன் பின்சாய்கோடு போட வேண்டும். ‘கீழ்’ எந்தப் பின்னத்துக்கும் பெயரல்ல என்பதால் சோழர் கணக்கில் அந்த மோதல் எழவில்லை.

பெயர்மாற்றம்தான் இம்முறையின் பலவீனம். வளநாடுகளுக்கு அரசரின் பட்டப்பெயர்களைச் சூட்டியதால், க்ஷத்திரியசிகாமணி வளநாடு முதலாம் குலோத்துங்கன் காலத்தில் குலோத்துங்கசோழ வளநாடு ஆனது. அப்பகுதி ஊர்களை ஆராய்பவர் இரு பெயர்களிலும் தேட வேண்டியிருக்கிறது.