சிறுநீரகத் தொலைமருத்துவம்

சிறுநீரகத் தொலைமருத்துவம் என்பது, நகரத்திலுள்ள சிறுநீரக மருத்துவர் காணொளி, தொலைபேசி, செயலி ஆகியவற்றின் வழியாகக் கிராமப்புற நோயாளிகளுக்கு ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும் அளிக்கும் முறை. நாள்பட்ட சிறுநீரக நோய் முற்றும்வரை பெரும்பாலும் அறிகுறி காட்டாது. நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் இதன் முதன்மைக் காரணங்கள். ஆந்திரத்தின் உத்தானம் பகுதியில் இவ்விரண்டும் இல்லாத உழவர்களிடமும் இந்நோய் பரவலாகக் காணப்படுகிறது. சிறுநீரக மருத்துவர்களோ நகரங்களிலேயே குவிந்துள்ளனர்.

செயல்முறை

ரத்த அழுத்தம், எடை, கால்வீக்கம் ஆகியவற்றை ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் பார்த்துக் குறிக்கிறார். ரத்தத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும், சிறுநீரில் ஆல்புமினும் சோதிக்கப்படுகின்றன. கிரியேட்டினின், வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு இ.ஜி.எஃப்.ஆர். எனும் வடிகட்டும் திறன் கணக்கிடப்படுகிறது. அது மூன்று மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழே இருந்தால் நாள்பட்ட நோய் என்று கொள்வர். இந்த முடிவுகளைப் பார்த்து மருத்துவர் மருந்தின் அளவை மாற்றுகிறார். உப்பைக் குறைக்கவும், கடையில் தாமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளை நிறுத்தவும் சொல்கிறார்.

வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு இம்முறை மிகவும் பயன்படுகிறது. இயந்திரத்தின் வழியே ரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸ் என்றால் வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் மையத்தில் இருக்க வேண்டும். வயிற்றுவழி முறையில் நோயாளியே வயிற்றறையில் நிரப்பிய திரவத்தை நாளுக்கு மூன்று நான்கு முறை மாற்றிக்கொள்கிறார். வெளியேறிய திரவப் பையை அச்சிட்ட தாளின் மேல் வைத்துப் பார்ப்பது வழக்கம். எழுத்து தெரியாத அளவுக்குக் கலங்கியிருந்தால் வயிற்றறையில் தொற்று என்று சந்தேகிக்க வேண்டும். அதைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பினால் சிகிச்சை தாமதமின்றித் தொடங்கும்.

இந்தியாவில்

2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், பதிவுபெற்ற மருத்துவர்கள் தொலைவிலிருந்து மருந்து எழுதுவதை முறைப்படுத்தின. 2019-இல் தொடங்கிய இ-சஞ்சீவனி தளத்தில், நலவாழ்வு மையப் பணியாளர் நோயாளியை உடன் வைத்துக்கொண்டு பெரிய மருத்துவமனை மருத்துவரைத் தொடர்புகொள்ளலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவு, ரத்த அழுத்த மருந்துகளுடன் டயாலிசிஸ் திரவப் பைகளையும் வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. இது தொலைமருத்துவம் அன்று. ஆயினும் தொலைவிலிருந்து சொல்லப்படும் சிகிச்சை வீட்டில் நடக்க இத்தகைய விநியோகம் தேவை.

வரம்புகள்

பொட்டாசியம் அபாய அளவுக்கு ஏறுதல், நுரையீரலில் நீர் கோத்தல் ஆகியவற்றுக்கு நோயாளியை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். டயாலிசிஸுக்கான குழாய் பொருத்துதல், திசுச் சோதனை, மாற்று அறுவை சிகிச்சை ஆகியவையும் நேரில்தான் நடக்கும். அருகில் ரத்தம் எடுக்க ஆளும் சோதிக்க ஆய்வகமும் இல்லாத ஊரில், இணைய இணைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் காணொளி ஆலோசனையால் பெரிய பயனில்லை.