பிரிட்டனில் வாடகை வீடா? அரசு உதவி யாருக்குக் கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும்?

பிரிட்டனில் தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வருமானம் குறைவு என்றால், வாடகை கட்ட அரசு உதவித்தொகை தருகிறது. வேலைக்குப் போகிறவர்களும் கேட்கலாம். ஆனால் 'வாடகை முழுசையும் அரசே பார்த்துக்கும்' என்று நம்பி வீடு பிடித்தால் சிக்கல்தான்.

எங்கே விண்ணப்பிப்பது?

முன்பு உள்ளூர் கவுன்சிலில் 'ஹவுசிங் பெனிஃபிட்' கேட்பார்கள். இப்போது அது பெரும்பாலும் ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்குத்தான். மற்றவர்கள் ஆன்லைனில் 'யுனிவர்சல் கிரெடிட்' கேட்க வேண்டும். வாடகைப் பணம் அதற்குள்ளேயே ஒரு பகுதியாக வரும். வாடகை ஒப்பந்தம் கையில் இருக்கட்டும்.

முதலில் விசாவைப் பாருங்க

மாணவர் விசா, வேலை விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாக 'அரசு நிதி கிடையாது' என்ற நிபந்தனை இருக்கும். அதை மீறி விண்ணப்பித்தால் விசா நீட்டிப்புக்கே ஆபத்து. அகதி அந்தஸ்து கிடைத்தவர்களும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் பொதுவாகக் கேட்கலாம். தஞ்சக் கோரிக்கை பரிசீலனையில் இருந்தால் முடியாது. கணவன், மனைவியில் ஒருவருக்கு மட்டும் தகுதி இருந்தால், 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' போன்ற இலவச ஆலோசனை மையத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

எவ்வளவு கிடைக்கும்?

பலருக்குக் குழப்பம் வருவது இங்கேதான். நீங்கள் கட்டும் வாடகையை வைத்து மட்டும் உதவி முடிவாவதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் 'லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ்' என்ற உச்சவரம்பு உண்டு. அந்தப் பகுதியின் தனியார் வாடகைகளில் மலிவான 30 சதவீதத்துக்குள் அடங்கும் அளவில் 2024 ஏப்ரலில் அது நிர்ணயிக்கப்பட்டது. 2025-ல் வாடகை ஏறியும் வரம்பு ஏறவில்லை.

உதாரணமாக, வாடகை 1,400 பவுண்ட், வரம்பு 1,100 பவுண்ட் என்றால் மீதி 300 பவுண்ட் மாதாமாதம் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான். சம்பளம் இருந்தால் மொத்த உதவியும் இன்னும் குறையும். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, வீட்டின் அஞ்சல் குறியீட்டை அரசு இணையதளத்தில் போட்டு வரம்பைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

எத்தனை படுக்கையறைக்குப் பணம் என்பதையும் அரசே முடிவு செய்யும். 10 வயதுக்குக் குறைந்த இரண்டு பிள்ளைகள் என்றால், ஆணும் பெண்ணுமாக இருந்தாலும் ஒரே அறைதான் கணக்கு. 35 வயதுக்குக் கீழே தனியாக இருப்பவர், முழு வீடு எடுத்தாலும் பொதுவாக 'பகிர்ந்து வாழும் அறை'க்கான தொகையே பெறுவார்.

ஊர்ல இருக்குற மனையும் கணக்கில் வரும்

16,000 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் யுனிவர்சல் கிரெடிட் கிடையாது. வங்கியில் இருப்பது மட்டுமே சேமிப்பு என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ உங்கள் பெயரில் உள்ள மனை, வீடும் சொத்தாகச் சேரும். அந்த வீட்டில் ஓய்வூதிய வயதை எட்டிய அப்பா, அம்மா குடியிருந்தால் விலக்குக் கேட்கலாம். எதுவானாலும் மறைக்காமல் சொல்லிவிடுவதே பாதுகாப்பு. பின்னால் தெரியவந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

சொந்தக்காரர் வீட்டில் இருந்தால்?

அண்ணன், அக்கா, மாமனார் போன்ற நெருங்கிய உறவினர் வீட்டில் அவர்களோடு சேர்ந்து வசித்துக்கொண்டு, அவர்களுக்கே வாடகை தருவதாகச் சொன்னால் உதவி கிடையாது. தனி வீடு என்றால் கேட்கலாம். ஆனால் உதவிக்காகப் போட்ட பொய் ஒப்பந்தமாக இல்லாமல், வாடகை நிஜமாகவே கை மாற வேண்டும்.

பணம் யார் கைக்கு வரும்?

இங்கிலாந்தில் பொதுவாக வாடகைதாரரின் கணக்குக்கே வரும். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால், நேரடியாகத் தனக்கே அனுப்பும்படி வீட்டு உரிமையாளர் கேட்கலாம். முதல் தொகை வரச் சுமார் 5 வாரம் ஆகும். இடையில் முன்பணம் வாங்கலாம், ஆனால் அது கடன்; அடுத்தடுத்த மாதங்களில் பிடித்துக்கொள்வார்கள்.

விண்ணப்பத்தை நிராகரித்தாலோ தொகை குறைவாக வந்தாலோ, முடிவு வந்த தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதிலும் சரியாகாவிட்டால் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்.