யாருக்கு மலர்வளையம்?

"மலர்வளையமா? யாருக்குய்யா? அங்க யாரு போயிட்டா?"

2024 நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி. ஷில்லாங்கிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போன் போட்டு, "இந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு வீட்டிலேயே பச்சைக் கிளையில் ஒரு வளையம் கட்டப் போறோம்மா, மலர்வளையம் மாதிரி" என்று சொன்னேன். அதற்கு அம்மா கேட்ட கேள்விதான் மேலே இருப்பது.

அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. நம் பாஷையில் மலர்வளையம் என்றால் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். தலைவர்களின் சிலைக்கு வைப்பார்கள், இல்லையென்றால் செத்தவர்களுக்கு வைப்பார்கள். அந்த ஆகஸ்டில்தான் அப்பா காலமானார். எங்கள் வீட்டு வாசல் கடைசியாகப் பார்த்த வளையம் அவருடைய பெட்டி மேல் வைத்ததுதான். "இந்த வருஷம் ஸ்டாரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது" என்று அம்மா முன்பே சொல்லிவிட்டிருந்தாள்.

நாங்களும் ஊருக்குப் போகிற நிலையில் இல்லை. அப்பாவின் ஆஸ்பத்திரி, அடக்கம், பிறகு பென்ஷன் பேப்பர், வாரிசுச் சான்று என்று அலைந்ததில் என் லீவுக் கணக்கு காலி. டிசம்பர் 31 காலாண்டு க்ளோஸிங் வேறு. பேங்க்காரன் வீட்டில் கிறிஸ்மஸ் எப்போதும் க்ளோஸிங்கோடு சேர்ந்துதான் வரும். ஜனவரி இரண்டாவது வாரத்துக்குத்தான் டிக்கெட் போட முடிந்தது. குவாஹாட்டியில் ஏறினால் ஏறத்தாழ மூன்று நாள் ரயில்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தினமும் காலையில் கேட்பாள்: "அப்பா, ஆச்சி வீட்டுக்குப் போக இன்னும் எத்தனை நாள்?" காலண்டரில் பென்சிலால் ஒரு நாளை அடிப்பாள், மீதியை எண்ணுவாள், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வாள். வெளியூரில் பிள்ளை வளர்க்கிறவர்கள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி பழக்கமானதுதானே!

இந்தக் கேள்விதான் என்னை 1839-ஆம் வருஷத்து ஹாம்பர்க் நகரத்துக்குக் கொண்டுபோய் விட்டது. இருங்கள், விஷயத்துக்கு வருகிறேன்.

கிறிஸ்மஸ் வளையத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று கதவில் தொங்குவது. இதன் வேர் ரொம்பப் பழசு. ரோமாபுரிக்காரர்கள் பண்டிகை நாளில் வாசலில் விளக்கேற்றி லாரல் இலை கட்டுவார்கள், நாம் மாவிலை கட்டுகிற மாதிரி. வேடிக்கை என்னவென்றால், கி.பி. 200-ஐ ஒட்டி கார்த்தேஜில் வாழ்ந்த தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் இதைக் கண்டித்து எழுதியிருக்கிறார். மற்றவர்கள் வீட்டைவிட நம்மவர்கள் வீட்டு வாசலில்தான் விளக்கும் தழையும் அதிகமாக இருக்கிறது என்பது அவருடைய வருத்தம். இன்றைக்கு அவர் டிசம்பர் மாதம் ஒரு தெருவில் நடந்தால் மயக்கம் போட்டு விழுந்துவிடுவார் :-)

இரண்டாவது ஜாதி, மேஜையில் வைத்து மெழுகுவத்தி ஏற்றுவது. இதுதான் நம் கதை. கிறிஸ்மஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காலத்தை சி.எஸ்.ஐ.காரர்கள் அட்வெந்து என்போம், ஆர்.சி.யில் திருவருகைக் காலம் என்பார்கள். வாரத்துக்கு ஒன்றாக நான்கு மெழுகுவத்தி ஏற்றுவதைக் கோயிலில் பார்த்திருப்பீர்கள். ஏதோ ஆதி காலத்துச் சடங்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. இதற்கு ஊர் உண்டு, பேர் உண்டு, வருஷமும் உண்டு.

யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் 1808-இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். பதினைந்து வயதில் அப்பா இறந்துவிட்டார். மூத்த பிள்ளை. பின்னால் தம்பி தங்கைகள். டியூஷன் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். பிறகு இறையியல் படித்துவிட்டு வந்து, ஹாம்பர்க்கின் ஏழைத் தெருக்களில் ஞாயிறு பள்ளி நடத்தினார். ஹாம்பர்க் பெரிய துறைமுகம், பணம் புரளுகிற ஊர். அதே ஊரின் சந்துகளில் பிள்ளைகள் பிச்சை எடுத்தார்கள், திருடினார்கள், பிடிபட்டால் ஜெயிலுக்குப் போனார்கள்.

1833-இல் கார்ல் ஸீவெகிங் என்ற நகரப் பிரமுகர் ஊருக்கு வெளியே ஹோர்ன் என்ற இடத்தில் இருந்த ஒரு பழைய குடிசை வீட்டைக் கொடுத்தார். பேர் ரௌவெஸ் ஹௌஸ். அப்படியே தமிழில் சொன்னால் 'கரடுமுரடு வீடு'. விஷெர்னுக்கு அப்போது 25 வயது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே குடியேறினார். அந்த வருஷக் கடைசிக்குள் 12 பையன்கள் சேர்ந்துவிட்டார்கள்.

அந்தக் காலத்துச் சீர்திருத்த விடுதி என்றால் உயரமான மதில், பூட்டு, பிரம்பு. இவர் மதிலும் கட்டவில்லை, பூட்டும் போடவில்லை. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை ஒரு குடும்பமாகப் பிரித்து, ஒரு பெரியவர் பொறுப்பில் விட்டு, தச்சு வேலை, தையல், செருப்புத் தைப்பது என்று தொழில் கற்றுக்கொடுத்தார்.

இந்தப் பிள்ளைகள் டிசம்பர் வந்தால் என்ன கேட்டிருப்பார்கள்? "கிறிஸ்மஸுக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று நச்சரித்தார்கள் என்பதுதான் காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. பொதுவாக ஜெர்மானிய வீடுகளில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கதவில் சாக்கட்டியால் 24 கோடு போட்டு, பிள்ளைகளை விட்டு தினம் ஒன்றாக அழிக்கச் சொல்வார்கள். என் மகளின் பென்சில் வேலை மாதிரிதான்.

விஷெர்ன் வேறு மாதிரி செய்தார். 1839 அட்வெந்தில் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தைப் பிரார்த்தனைக் கூடத்தில் தொங்கவிட்டு, அதன் மேல் வார நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவத்திகளையும், ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவத்தி நான்கையும் நிறுத்தினார். தினமும் கூட்டுப் பிரார்த்தனையில் ஒன்று கூடுதலாக ஏற்றுவார்கள். பச்சை இலை எல்லாம் அப்போது கிடையாது. ஃபிர் மரக் கிளையைச் சுற்றும் வழக்கம் வந்தது 1860 வாக்கில்தான்.

இங்கே ஒரு பேங்க்காரத்தனமான சந்தேகம். சிவப்பு 19, வெள்ளை 4, ஆக மொத்தம் 23 என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். சில இடங்களில் 24. அந்த வருஷத்துக் காலண்டரைப் போட்டுப் பார்த்தேன். 1839 டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை, அன்றே அட்வெந்து ஆரம்பம். 24-ஆம் தேதி வரை 24 நாள், அதில் ஞாயிறு 4, மற்ற நாள் 20. கேஷ் டேலி ஆகவில்லை, ஒரு சிவப்பு மெழுகுவத்தி ஷார்ட்டேஜ்! பண்டிகை நாளான 24-ஐத் தனியாக வைத்துக்கொண்டால் 23-ம் சரியாக வரும். (அட்வெந்தின் நீளம் வருஷத்துக்கு வருஷம் மாறும். குறைந்தது 22 நாள், கூடினால் 28.)

அங்கே பயிற்சி பெற்ற ஊழியர்கள் மற்ற ஊர் விடுதிகளுக்கு வேலைக்குப் போனபோது சக்கரத்தையும் கொண்டுபோனார்கள். ஒரு விதத்தில் நம்மைப் போல டிரான்ஸ்ஃபர் கேஸ்கள்தான். விஷெர்ன் பெர்லினில் 1858-இல் தொடங்கிய யோஹான்னஸ்டிஃப்ட் நிறுவனத்துக்கும் அது போனது. வீட்டுக்குள் அவ்வளவு பெரிய சக்கரம் மாட்ட முடியாது, 24 மெழுகுவத்தி வாங்கக் கட்டுப்படியும் ஆகாது. அதனால் வீட்டு வளையம் சுருங்கி நான்கு ஞாயிறு மெழுகுவத்திகள் மட்டும் நின்றன. முதல் உலகப் போருக்குப் பிறகு இது ஜெர்மனி முழுக்கப் பரவியது. இது புராட்டஸ்டண்டுகளின் வழக்கமாயிற்றே என்ற தயக்கம் நீங்கி, 1925-இல் கொலோனில் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் வளையம் தொங்கியது. அங்கிருந்து கடல் தாண்டி, கடைசியில் நம்மூர் ஆராதனை வரைக்கும் வந்துவிட்டது.

ஆக, இன்றைக்கு மாலில் அலங்காரப் பொருளாக விற்கிற இந்த வளையம், வீடில்லாத பிள்ளைகளுக்கு நாள் காட்ட வந்த ஒரு பழைய வண்டிச் சக்கரம்.

இதைப் படித்ததும் எனக்கு உறைத்தது ஒரு விஷயம். கோட்டை அழிப்பதும் சக்கரத்தில் ஏற்றுவதும் ஒரே கணக்குதான், ஆனால் திசை வேறு. நாம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற காத்திருப்பு, கடன் தவணை மாதிரி. இன்னும் இத்தனை பாக்கி, இன்னும் இத்தனை பாக்கி. விஷெர்ன் வைத்தது ஆர்.டி. கணக்கு. தினமும் ஒன்று சேருகிறது. காத்திருக்கிற நாளும் வீண் போவதில்லை, கூடம் நேற்றைவிட இன்றைக்கு வெளிச்சமாகிறது. வீட்டுக்குப் போக வழியில்லாத பிள்ளைகளிடம் போய் இன்னும் இத்தனை நாள் பாக்கி என்று அவர் எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

சரி, எங்கள் வளையத்தைக் கட்டிய கதைக்கு வருவோம். மகள் சிறுவயதில் ஓட்டிய சைக்கிள் பரணில் கிடந்தது. அதன் ரிம்மை ஸ்போக்ஸ் கழற்றி எடுத்துக்கொண்டோம். வண்டிச் சக்கரத்துக்கு எங்களால் முடிந்த மரியாதை! பாளையங்கோட்டையில் என்றால் சவுக்குக் கிளைதான் எங்கள் கிறிஸ்மஸ் மரம். இங்கே காசி மலையின் பெயரையே தாங்கிய பைன் மரம் தெருவுக்குத் தெரு நிற்கிறது. எங்கள் வீட்டுக்கார அம்மா (இங்கே பெண்களைக் 'காங்' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள்) தோட்டத்தில் கழித்துப் போட்ட கிளைகளை ஒரு கட்டு கொடுத்தார்.

கிளைகளின் அடியைத் தட்டி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நிறுத்தி வைத்தோம். மறுநாள் நான்கைந்து அங்குலத் துண்டுகளாக வெட்டி, மும்மூன்றாகச் சேர்த்து, மெல்லிய கம்பியால் ரிம்மில் கட்டினோம். முதல் கொத்தின் காம்பை அடுத்த கொத்தின் இலை மறைக்க வேண்டும், எல்லாம் ஒரே திசையில் போக வேண்டும். கதம்பம் கட்டத் தெரிந்த கைக்கு இது ஐந்து நிமிஷப் பாடம். எனக்கு இரண்டு மணி நேரம், தங்கமணிக்கு அரை மணி நேரம் :-)

அலங்காரத்துக்குக் கடையில் ஒன்றும் வாங்கவில்லை. டிசம்பர் இங்கே ஆரஞ்சு சீசன். வட்டவட்டமாக நறுக்கி, அவனில் சிறு சூட்டில் மூன்று மணி நேரம் காயவிட்டால் கண்ணாடி மாதிரி வருகிறது. கீழே கிடந்த பைன் காய்கள், அஞ்சறைப்பெட்டியிலிருந்து பட்டை, அன்னாசிப்பூ. வீடே மணத்தது, பாதி மலை வாசனை, பாதி பிரியாணி வாசனை.

முக்கியமான எச்சரிக்கை. பைன் இலையில் பிசின் உண்டு, காய்ந்தால் குப்பென்று பிடிக்கும். அதனால் மெழுகுவத்தியை இலை மேல் வைக்கவே கூடாது. பெரிய தாம்பாளத்தில் மணல் பரப்பி, ஓரத்தில் வளையத்தை வைத்து, உள்ளே மணலில் இலைக்கு எட்டாத தூரத்தில் 24 மெழுகுவத்திகளையும் வட்டமாக நட்டோம். தினமும் இலைக்குத் தண்ணீர் தெளித்தோம். ஏற்றினால் பத்தே நிமிஷம், பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும்.

டிசம்பர் 1, 2024. அதுவும் ஞாயிற்றுக்கிழமை! 1839-இன் டிசம்பரும் 2024-இன் டிசம்பரும் தேதிக்குத் தேதி, கிழமைக்குக் கிழமை ஒன்று. முதல் வெள்ளை மெழுகுவத்தியை மகள் ஏற்றினாள்.

அம்மாவின் கேள்வி மட்டும் எனக்குள் கிடந்தது. ஜெர்மனியில் அட்வெந்துக்கு முந்தின ஞாயிறு இறந்தவர்களின் ஞாயிறு. பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியம் 1816-இல் ஏற்படுத்தியது. அன்றைக்குக் கல்லறைக்குப் போய், பனிக்காலத்துக்காக ஃபிர் கிளைகளை வைத்து மூடிவிட்டு வருவார்கள். அடுத்த ஞாயிறு அதே மரத்தின் கிளை வீட்டு மேஜையில் வளையமாகிறது. நடுவில் ஏழே நாள். போனில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப நான் கேட்டது தப்பில்லல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் ராத்திரி ஏழரைக்கு அம்மாவே கூப்பிட ஆரம்பித்தாள். "இன்னைக்கு எத்தனை எரியுது?" மகள் "ஒன்பது ஆச்சி", "பதினாறு ஆச்சி" என்று சொல்வாள். எத்தனை நாள் பாக்கி என்ற பேச்சு எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. முதல் நாள் மெழுகுவத்தி 24 தடவை எரிந்து கட்டையாகிவிட்டது. கடைசி நாளுடையது புத்தம் புதுசு. 24-ஆம் தேதி பார்த்தால் வளையத்துக்குள் ஒரு படிக்கட்டு ஏறிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

அன்றைக்கு ராத்திரி மகள் போனைத் தாம்பாளத்துக்கு நேராகப் பிடித்து, "இருபத்துநாலும் எரியுது ஆச்சி" என்றாள். அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே திரும்பி, வேலைக்கு வரும் அக்காவிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"அந்தப் பெட்டிய எறக்கு. அவ்வோ வாங்குன ஸ்டாரு அதுலதான் கெடக்கு. பக்கத்து வீட்டுப் பையன வரச் சொல்லு, கட்டிரலாம்."

கொசுறு: டிசம்பர் 1-ஆம் தேதி ஞாயிறாக, சரியாக 24 நாள் அட்வெந்து அடுத்து வருவது 2030-இல். அதற்குள் எனக்கு எப்படியும் இரண்டு டிரான்ஸ்ஃபர் வந்துவிடும். ரிம்மை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.