காடுகளை விழுங்கும் உண்ணிச்செடி: அந்நிய உயிரினங்களைக் கட்டுப்படுத்துவது எப்படி?

இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட பரப்பை உண்ணிச்செடி ஆக்கிரமித்துள்ளதாக 2020-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக கொல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த அமெரிக்கத் தாவரம், இன்று மான்களும் காட்டெருமைகளும் மேயும் புல்வெளிகளை மூடிவிட்டது. இரை விலங்குகளுக்கு உணவு குறைந்தால், அவற்றை நம்பியுள்ள புலிக்கும் அது பாதிப்பே.

புதிய நிலத்துக்கு வரும் அந்நிய உயிரினத்துக்கு, அதன் தாயகத்தில் இருந்த இயற்கை எதிரிகள் அங்கு இருப்பதில்லை. அது தடையின்றிப் பெருகுவதற்கு இதுவே முக்கியக் காரணம். அவ்வாறு பெருகும் உயிரினங்களைக் கட்டுப்படுத்த இந்தியாவில் பின்பற்றப்படும் வழிமுறைகள் வருமாறு:

வேரோடு அகற்றுதல்

உண்ணிச்செடியைத் தரைக்கு மேல் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். தீயிட்டாலும் அடிப்பகுதியிலிருந்து முளைக்கும். எனவே மண்ணுக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் இணையும் இடத்தில் வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கும் முறையை தில்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் உருவாக்கினர். உத்தரகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் இம்முறை பின்பற்றப்பட்டது. அகற்றிய இடத்தில் உள்ளூர்ப் புல் வகைகள் வளர்க்கப்பட வேண்டும். பறவைகள் பழத்தை உண்டு விதைகளைப் பரப்புவதால், புதிய நாற்றுகளைத் தொடர்ந்து களைவதும் அவசியம்.

கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலைப் பகுதியில் பழங்குடியினர் உண்ணிச்செடித் தண்டுகளைக் கொண்டு நாற்காலி உள்ளிட்ட பொருள்களைத் தயாரித்து வருவாய் ஈட்டுகின்றனர்.

இயற்கை எதிரிகளைப் பயன்படுத்துதல்

கேரளத்தின் நீர்நிலைகளையும் நெல் வயல்களையும் மூடிய சால்வினியா நீர்க்களைக்கு எதிராக 1980-களில் சிறிய கூன்வண்டு ஒன்று விடப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அக்களை பெருமளவு குறைந்தது. பார்த்தீனியத்தைக் கட்டுப்படுத்த மெக்சிகோ வண்டு 1984-இல் பெங்களூரில் விடப்பட்டது. மழைக்காலத்தில் இலைகளைத் தின்னும் இவ்வண்டு, வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் முடங்கிவிடுவதால் இதன் பலன் பருவத்துக்கு உட்பட்டது.

பூச்சிகளுக்கும் இதே வழி கையாளப்படுகிறது. 2008-இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரி, மரவள்ளி உள்ளிட்ட பயிர்களுக்கும் பரவியது. 2010-இல் பியூர்டோ ரிகோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டு, பெங்களூரில் பெருக்கப்பட்டு விடப்பட்டன. மாவுப்பூச்சி கட்டுக்குள் வந்ததுடன், பூச்சிக்கொல்லித் தெளிப்பும் குறைந்தது.

எனினும் இம்முறை எல்லா இடங்களிலும் கைகொடுப்பதில்லை. உண்ணிச்செடிக்கு எதிராக விடப்பட்ட பூச்சிகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. மேலும், கொண்டுவரப்படும் பூச்சி பிற தாவரங்களையோ உயிரினங்களையோ தாக்காது என்பது தனிமைப்படுத்தப்பட்ட ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்ட பின்னரே திறந்தவெளியில் விடப்பட வேண்டும்.

முன்கூட்டியே தடுத்தல்

வெளிநாட்டுத் தாவரங்களின் இறக்குமதியை 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை ஒழுங்குபடுத்துகிறது. 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், ஊடுருவும் அந்நிய உயிரினங்களின் இறக்குமதி, வர்த்தகம், பெருக்கம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. இத்தகைய உயிரினங்கள் புதிதாக நுழைந்து நிலைபெறும் வேகத்தை 2030-க்குள் குறைந்தது 50 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது, 2022-இல் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஏற்ற இலக்கு.

காடு முழுவதும் பரவிய செடியை அகற்றப் பல ஆண்டு உழைப்பு தேவை. சில செடிகளாக இருக்கும்போதே கண்டறிந்தால், ஒரு நாள் வேலையில் அது முடிந்துவிடும்.