காற்பங்கு ஆசிரியர்

நன்னூலைப் பாடமாகப் படித்த நம்மில் பலர் எழுத்திலும் சொல்லிலுமே நின்றுவிட்டோம். கி.பி. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பவணந்தியாரின் அந்நூல், இலக்கணம் தொடங்குமுன்பே, எப்படிக் கற்பது என்பதைப் பொதுப்பாயிரத்தில் சொல்லிவிடுகிறது. வழக்கறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டதைத் தனியே சிந்தித்தல், ஆசிரியரை அணுகி மீண்டும் கேட்டல், உடன் கற்போரோடு பயிலுதல், வினவுதல், பிறர் வினாவுக்கு விடை கூறுதல் என ஏழு. இவற்றுள் ஆசிரியரிடம் கேட்டல் ஒன்றுதான். எஞ்சியவை மாணவன் தானே செய்யவேண்டியவை.

அடுத்து வரும் கணக்கு இன்னும் வியப்பானது. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு செம்மையாகக் கொண்டாலும் கிட்டுவது காற்பங்குப் புலமையே. உடன் பயில்வோரால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய பாதி, தான் கற்றதைப் பிறர்க்கு உரைப்பதால் வருகிறது. (ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இது அவ்வளவு உவப்பான செய்தி அன்று.)

திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொன்னதை இதன் எளிய வடிவம் எனலாம். அடியும் சாதி விலக்கும் அத்திண்ணையில் இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை.

1789இல் எழும்பூர் ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் ஆசிரியர்கள் அதனை ஏற்கத் தயங்கவே, தேர்ந்த சிறுவன் ஒருவனைக் கொண்டு இளையோர்க்கு எழுத்துக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே இது 'மதராஸ் முறை' எனப் பரவிற்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் கொடையால் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றே பெயர்.

கற்பிப்பவனும் கற்கிறான் என்பதைப் பெல் அறிந்திருந்தார். ஆனால் இம்முறையைக் கைக்கொண்ட பலரைக் கவர்ந்தது சிக்கனம்: ஓர் ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள். சிறுவன் மலிவான ஆசிரியன் ஆனான். அவன் அடையவேண்டிய அந்தப் பாதிப் புலமை பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1846இல் உதவித்தொகை பெறும் மாணவ ஆசிரியர் திட்டம் இங்கிலாந்தில் வந்தபின் இம்முறை தேய்ந்தது.

நம் வகுப்பறைக்கு வருவோம். நூல் பயிலும் முறைகள் யாவை என்பது நாம் தேர்வில் கேட்கும் வினா. ஏழினையும் வரிசை பிறழாமல் எழுதும் மாணவர் உண்டு. ஆண்டு முழுவதும் வகுப்பில் ஒரு வினாவும் எழுப்பாத அவருக்கு, 'வினவுதல்' என்று சரியாக எழுதியமைக்காக நாம் முழு மதிப்பெண் வழங்கியிருக்கிறோம்.