ஹிக்கரிக் கம்பமும் மரக்குடிலும்

1825 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில், நியூயார்க்கின் முதிய உறுப்பினர் ஸ்டீபன் வான் ரென்சலர் மேசைமேல் தலை கவிழ்ந்து பிரார்த்தனை செய்தாராம். கண் திறந்தபோது காலடியில் ஒரு வாக்குச் சீட்டு கிடந்தது. அதில் ஜான் குவின்சி ஆடம்ஸின் பெயர். இது ஆண்டவன் கட்டளை என்று அந்தச் சீட்டையே எடுத்துப் பெட்டியில் போட்டார். நியூயார்க் ஆடம்ஸ் பக்கம் சாய்ந்தது. 24 மாநிலங்களில் 13 அவருக்குக் கிடைக்க, அவர் ஆறாவது அதிபரானார். கதையை எழுதி வைத்தவர் மார்ட்டின் வான் பியூரன். அன்றைக்கு ஆடம்ஸ் ஜெயிக்கக் கூடாது என்று வேலை பார்த்தவர் அவர். ஆகவே காலடிச் சீட்டைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கையில் எடுக்க வேண்டும். ஆனால் ஒரு நாட்டின் தலைவரை யார், எந்த அறையில், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் கதை இல்லை.

1787இல் அரசமைப்பை வகுத்தவர்கள் அதிபர் தேர்தலை நேராக மக்கள் கையில் கொடுக்க அஞ்சினார்கள். மாநிலந்தோறும் தேர்வாளர்கள் கூடி, தகுதியானவரை ஆற அமர யோசித்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது ஏற்பாடு. நடைமுறையில் வேட்பாளரை முடிவு செய்தது நாடாளுமன்ற உறுப்பினர்களின் உட்கட்சிக் கூட்டம். 1824இல் அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 66 பேர் மட்டுமே. அவர்கள் நிறுத்திய கிராஃபர்டை மற்றவர்கள் மதிக்கவில்லை. ஒரே கட்சியைச் சேர்ந்த நால்வர் மோதினார்கள்: ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99 தேர்வாளர் வாக்கு, ஆடம்ஸுக்கு 84, கிராஃபர்டுக்கு 41, ஹென்றி கிளேக்கு 37. மக்கள் வாக்கிலும் ஜாக்சனே முன்னணி. ஆனால் 131 யாருக்கும் எட்டாததால், முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. சபாநாயகர் கிளே ஆடம்ஸை ஆதரித்தார். ஆடம்ஸ் அவரை வெளியுறவுச் செயலாளர் ஆக்கினார். ஜெஃபர்சன், மேடிசன், மன்றோ, ஆடம்ஸ் என்று வரிசையாக அதிபர்களானவர்கள் அனைவரும் அமர்ந்த நாற்காலி அது.

ஆடம்ஸுக்கும் கிளேக்கும் இடையே பேரம் நடந்ததற்கு எழுத்து மூலமான சான்று எதுவும் இல்லை. இருவரும் கொள்கையில் நெருங்கியவர்கள். கிளே ஆதரித்ததில் அதிசயமும் இல்லை. ஆனால் அந்தப் பதவியை அவர் ஏற்றது அரசியல் அறிவீனம். ‘ஊழல் பேரம்’ என்ற இரண்டு சொற்களை வைத்தே ஜாக்சன் தரப்பு அடுத்த நான்கு ஆண்டுகளை ஓட்டியது. 1825 அக்டோபரிலேயே டென்னசி சட்டமன்றம் அவரை 1828க்கு வேட்பாளராக அறிவித்துவிட்டது. மக்கள் கொடுத்ததை மேல்தட்டுக்காரர்கள் பறித்துவிட்டார்கள் என்ற முறையீடு அமெரிக்க அதிபர் அரசியலுக்குள் அப்போதுதான் வலுவாக நுழைந்தது. இன்றுவரை அது வெளியேறவில்லை.

ஜாக்சன்தான் சாமானியனுக்கு வாக்குரிமை வாங்கித் தந்தவர் என்று பள்ளிப் பாடம் போல ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியல்ல. அவர் வருவதற்கு முன்பே பெரும்பாலான மாநிலங்களில் வெள்ளை ஆண்களுக்கு இருந்த சொத்துத் தகுதி தளர்ந்திருந்தது. இண்டியானா, இல்லினாய், அலபாமா போன்ற புதிய மாநிலங்கள் சொத்துத் தகுதி இல்லாமலே பிறந்தன. 1824இல் ஆறு மாநிலங்களில் சட்டமன்றங்களே தேர்வாளர்களை நியமித்தன. 1828இல் அப்படிச் செய்தவை டெலவேரும் தென் கரோலினாவும் மட்டுமே. கதவு திறந்தாகிவிட்டது, திறந்த கதவு வழியாக ஆட்களை அழைத்து வந்ததுதான் ஜாக்சன் கட்சியின் சாதனை.

அதே ஆண்டுகளில் வேறு கதவுகள் சாத்தப்பட்டன என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான். நியூஜெர்சியில் 1776 முதல் சொத்துள்ள தனித்த பெண்களும் கறுப்பினத்தவரும் வாக்களித்து வந்தார்கள். 1807இல் ஒரு சட்டம் இருவரையும் வெளியேற்றியது. 1821இல் நியூயார்க்கின் அரசமைப்பு மாநாடு வெள்ளையர்களுக்குச் சொத்துத் தகுதியைத் தளர்த்தியது. கறுப்பினத்தவருக்கு மட்டும் 250 டாலர் மதிப்புள்ள நிலம் வேண்டும் என்றது. டென்னசி 1834இல், வட கரோலினா 1835இல், பென்சில்வேனியா 1838இல் கறுப்பினத்தவரின் வாக்கை அடியோடு எடுத்துவிட்டன. சொத்தை வைத்துப் பிரித்த கோடு அழியும்போது, நிறத்தை வைத்துப் பிரிக்கும் கோடு தடித்தது. பல இடங்களில் இரண்டையும் செய்தது ஒரே மாநாடு, ஒரே ஆவணம். இந்த இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றவை என்பதே என் வாதம். ஒன்று நல்லது, மற்றது காலத்தின் குறை என்று பிரித்துப் பார்க்க ஆதாரங்கள் இடம் தரவில்லை.

ஜாக்சனின் ஜனநாயகக் கட்சியைக் கட்டியவர் வான் பியூரன். கிண்டர்ஹுக் என்ற ஊரில் சத்திரம் நடத்தியவரின் மகன், கால் சத்தம் கேட்காமல் நடக்கும் சாமர்த்தியசாலி. 1827 ஜனவரியில் ரிச்மண்ட் பத்திரிகை ஆசிரியர் தாமஸ் ரிச்சிக்கு அவர் எழுதிய கடிதம் இந்த அரசியலின் வரைபடம். தெற்கின் தோட்ட முதலாளிகளும் வடக்கின் எளிய குடியரசுவாதிகளும் கைகோக்க வேண்டும். பழைய கட்சிப் பற்று உயிரோடு இருந்தால்தான் அடிமை மாநிலம், சுதந்திர மாநிலம் என்ற பகை அடங்கும் என்றார். மிசூரியை அடிமை மாநிலமாகச் சேர்ப்பதா என்ற விவகாரத்தில் நாடு அந்தப் பகையைக் கண்ணால் பார்த்திருந்தது. அடிமை முறையைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கான ஏற்பாடாகவும் வெகுஜனக் கட்சி உருவானது.

ஆயுதம் பத்திரிகை. 1792 அஞ்சல் சட்டப்படி, ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியருக்கு அனுப்பும் இதழுக்குத் தபால் கட்டணம் கிடையாது. வாஷிங்டனில் டஃப் கிரீன் தம் பத்திரிகையில் ஒன்றை அச்சடித்தால், சில வாரங்களில் அது கென்டக்கியிலும் ஓஹையோவிலும் மறுபதிப்பாக வரும். ஊர்தோறும் ஹிக்கரி மரக் கம்பம் நட்டார்கள். தளபதியாக இருந்தபோது வீரர்கள் ஜாக்சனுக்கு வைத்த பெயர் ‘கிழட்டு ஹிக்கரி’. வசைக்கும் பஞ்சமில்லை. ரஷ்யாவில் தூதராக இருந்தபோது ஆடம்ஸ் ஜார் மன்னருக்குப் பெண் ஏற்பாடு செய்தார் என்று ஒரு புளுகு. எதிர்த்தரப்பில் பிலடெல்பியாவின் ஜான் பின்ஸ், ஜாக்சன் உத்தரவால் சுட்டுக் கொல்லப்பட்ட ஆறு படைவீரர்களுக்காக ஆறு கறுப்புச் சவப்பெட்டிகள் அச்சிட்ட துண்டறிக்கை போட்டார். முதல் கணவரோடு விவாகரத்து முடியும் முன்பே ஜாக்சனின் மனைவி ரேச்சல் மறுமணம் செய்ததும் சந்திக்கு வந்தது. தேர்தலில் வென்ற சில வாரங்களில், 1828 டிசம்பர் 22 அன்று, ரேச்சல் இறந்தார். எதிரிகள்தான் கொன்றார்கள் என்று ஜாக்சன் கடைசிவரை நம்பினார்.

வாக்களித்த விதத்தையும் பார்க்க வேண்டும். அரசு அச்சிட்ட வாக்குச் சீட்டு அன்று கிடையாது. வர்ஜீனியாவிலும் கென்டக்கியிலும் வாக்காளர் எல்லோர் முன்னும் வாயால் பெயரைச் சொல்வார். மற்ற இடங்களில் சீட்டை அவரே எழுதிக் கொண்டுவர வேண்டும். 1829இல் பாஸ்டனில் ஜாக்சன் ஆதரவாளர் டேவிட் ஹென்ஷா, 55 பெயர்கள் அச்சடித்த தாளை நீட்டினார். எழுதிய வாக்குத்தான் செல்லும் என்று அதிகாரிகள் மறுத்தார்கள். ஹென்ஷா வழக்குப் போட்டார். அச்சும் எழுத்தே என்று மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு சீட்டு அச்சிடுவது அங்கே கட்சியின் வேலை. வாக்காளர் வாங்கிப் போட்டால் போதும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. கையில் இருக்கும் தாளைப் பார்த்தே அவர் யாருக்குப் போடுகிறார் என்று தெருவில் நிற்பவருக்கும் தெரியும்.

1824இல் வாக்களிக்கத் தகுதி பெற்ற நான்கு பேரில் ஏறத்தாழ ஒருவர் வந்தார். 1828இல் பாதிக்கு மேல் வந்தார்கள். ஜாக்சன் 178, ஆடம்ஸ் 83.

1829 மார்ச் 4 பதவியேற்பு விழாவைப் பற்றி எல்லோரும் ஒரே சித்திரத்தைத் தருகிறார்கள்: வெள்ளை மாளிகைக்குள் கூட்டம், சேற்று பூட்ஸோடு பட்டு நாற்காலிகளில் ஏறி நின்றவர்கள், உடைந்த பீங்கான், பின்வழியாக விடுதிக்குத் தப்பிய அதிபர், கூட்டத்தை வெளியே இழுக்கப் புல்வெளிக்குக் கொண்டுபோன மதுத் தொட்டிகள். நீதிபதி ஜோசப் ஸ்டோரி, கும்பலின் ஆட்சி வந்துவிட்டது என்று புலம்பினார். நாம் படிக்கும் வர்ணனைகளில் பெரும்பகுதி மார்கரெட் பேயார்ட் ஸ்மித் என்ற சீமாட்டியின் கடிதத்திலிருந்து வந்தது. அவருடைய கணவர் அமெரிக்க வங்கியின் வாஷிங்டன் கிளைத் தலைவர் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு தரப்புக்கும் அந்தச் சித்திரம் தேவைப்பட்டது: ஒருவருக்கு அச்சத்துக்கு, இன்னொருவருக்குப் பெருமைக்கு.

அரசுப் பணிகள் எளியவை, புத்தியுள்ள எவரும் செய்யலாம், ஆகவே ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்று ஜாக்சன் அறிவித்தது பிரபலம். உண்மையில் அவர் நீக்கியது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. ஆனால் வான் பியூரன் எச்சரித்தும் கேளாமல் நியூயார்க் துறைமுகச் சுங்க வசூலராக நியமித்த சாமுவேல் ஸ்வார்ட்வவுட், 1838இல் ஐரோப்பாவுக்கு ஓடியபோது கணக்கில் பத்து லட்சம் டாலருக்கு மேல் குறைந்தது.

ஆட்சியின் உச்சம் வங்கிச் சண்டை. 1836இல் முடிய வேண்டிய அமெரிக்க வங்கியின் உரிமத்தை நான்கு ஆண்டுகள் முன்னதாகவே புதுப்பிக்கச் சொல்லி, தேர்தல் ஆண்டில் ஜாக்சனை மாட்டிவிடப் பார்த்தார் கிளே. 1832 ஜூலை 10 அன்று ஜாக்சன் மசோதாவை நிராகரித்தார். பணக்காரர்கள் அரசை வளைத்துத் தங்களுக்குச் சலுகை தேடும்போது, உழவரும் கைவினைஞரும் கூலிக்காரரும் முறையிட உரிமை உள்ளவர்கள் என்று அந்த அறிக்கை பேசியது. முந்தைய ஆறு அதிபர்களும் சேர்ந்து நிராகரித்த மசோதாக்கள் பத்து. ஜாக்சன் ஒருவரே பன்னிரண்டு. வங்கித் தலைவர் நிக்கோலஸ் பிடில், இதைப் படித்தால் மக்கள் ஜாக்சனைக் கைவிடுவார்கள் என்று நம்பி 30,000 பிரதிகள் அச்சிட்டுப் பரப்பினார். எதிரியின் செலவில் நடந்த அருமையான பிரசாரம் அது. அந்தத் தேர்தலில் ஜாக்சனுக்கு 219, கிளேக்கு 49. பிறகு அரசுப் பணத்தை வங்கியிலிருந்து எடுக்க மறுத்த நிதிச் செயலாளரை நீக்கினார். செனட் 1834இல் கண்டனத் தீர்மானம் போட்டது. ஜாக்சனின் பதில் புதியது: அமெரிக்க மக்களின் நேரடிப் பிரதிநிதி அதிபரே. செனட்டர்களை அன்று மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன என்பதால் இதில் ஒரு நியாயமும் இருந்தது. இதற்கு வரம்பே இல்லை என்ற ஆபத்தும் இருந்தது.

அந்த ‘மக்கள்’ என்ற சொல்லின் வேலி எது என்பது ஜார்ஜியாவில் தெரிந்தது. அங்கு வாழ்ந்த பூர்வகுடிகளான செரொக்கீ மக்கள் 1827இல் எழுத்து வடிவில் அரசமைப்பு வகுத்தவர்கள். செக்கோயா உருவாக்கிய எழுத்தில் 1828 முதல் பத்திரிகை நடத்தியவர்கள். பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டம் 1830 மே மாதம் பிரதிநிதிகள் சபையில் 102க்கு 97 என்று நிறைவேறியது. அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணித் தெற்கு பெற்றிருந்த கூடுதல் இடங்கள் அந்த ஐந்து வாக்கு வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு. ஜாக்சனின் சொந்த மாநிலத்து டேவி கிராக்கெட் எதிர்த்து வாக்களித்தார்.

ஜார்ஜியா அந்த நிலத்தை எப்படிப் பங்கிட்டது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஏலம் விடவில்லை, செல்வாக்குள்ளவர்களுக்குக் கொடுக்கவில்லை. 1832இல் குலுக்கல் நடத்தியது. மில்லெட்ஜ்வில் தலைநகரில் ஓர் உருளையில் குடிமக்களின் பெயர்ச் சீட்டுகள், இன்னோர் உருளையில் நிலத்தின் எண்கள். 160 ஏக்கர் துண்டுகள், தங்கம் கிடைக்கும் பகுதியில் 40 ஏக்கர் துண்டுகள். ஏழை வெள்ளை விவசாயிக்கும் சீமானுக்கும் அதே சீட்டு. சமத்துவத்தை இதைவிடச் சுத்தமாகக் கடைப்பிடிக்க முடியாது, நிலம் யாருடையது என்று கேட்காத வரையில். 1835இல் செரொக்கீத் தலைவர் ஜான் ராஸ் வாஷிங்டனிலிருந்து வீடு திரும்பியபோது, வீட்டில் குலுக்கலில் வென்றவர் குடியிருந்தார். அந்த ஆண்டின் இறுதியில் ஒரு சிறு கோஷ்டி கையெழுத்திட்ட நியூ எக்கோட்டா ஒப்பந்தத்தை, தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே ஒரு வாக்கில் செனட் ஏற்றது. 15,000க்கும் மேற்பட்ட செரொக்கீக்கள் ஒப்பமிட்டு அனுப்பிய மனு பயன்படவில்லை. 1838இல், ஜாக்சனுக்குப் பின் அதிபரான வான் பியூரனின் ஆட்சியில், ஏறத்தாழ 16,000 பேர் படை காவலில் வெளியேற்றப்பட்டார்கள். முகாம்களிலும் வழியிலும் சுமார் 4,000 பேர் மடிந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

ஜாக்சனை ‘மன்னர் ஆண்ட்ரூ’ என்று கேலிச்சித்திரம் வரைந்த எதிர்த்தரப்பான விக் கட்சியினர் அவரிடமே பாடம் படித்ததுதான் கதையின் வேடிக்கையான பகுதி. 1837இல் வங்கிகள் முடங்கி வேலையின்மை பெருகியிருந்தது. அடுத்த அதிபர் தேர்தலில் வான் பியூரனுக்கு எதிராக விக்குகள் வில்லியம் ஹென்றி ஹாரிசன் என்ற பழைய தளபதியை நிறுத்தினார்கள். கொள்கை அறிக்கை எதுவும் வெளியிடவில்லை. கிழவருக்கு ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் ஓய்வூதியமும் கொடுத்தால் மரக்குடிலில் காலத்தை ஓட்டிவிடுவார் என்று பால்டிமோர் ஜனநாயகக் கட்சிப் பத்திரிகை ஒன்று இளக்காரம் செய்தது. விக்குகள் அதைக் கொடியாகவே பிடித்துக்கொண்டார்கள். ஊர்வலத்தில் மரக்குடில்கள், இலவச மது, ஊர் ஊராக உருட்டிச் சென்ற ராட்சதப் பந்துகள். ஹாரிசன் பிறந்தது வர்ஜீனியாவின் பெரிய தோட்ட மாளிகையில். தந்தை 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். சத்திரக்காரர் மகன் வான் பியூரனோ தங்கக் கரண்டியில் சாப்பிடும் சீமான் என்று சித்திரிக்கப்பட்டார். டேனியல் வெப்ஸ்டர் சரட்டோகா கூட்டத்தில், தாம் மரக்குடிலில் பிறக்கவில்லையே என்று வருந்தி, மூத்த அண்ணனும் அக்காள்களும் அங்கேதான் பிறந்தார்கள் என்று சமாதானம் சொன்னார். தகுதி பெற்றவர்களில் 80 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். ஹாரிசன் 234, வான் பியூரன் 60.

ஹாரிசன் ஒரே மாதத்தில் இறந்தார். தெற்கு வாக்குக்காகத் துணை அதிபராகச் சேர்க்கப்பட்ட ஜான் டைலர் பதவிக்கு வந்தார். புதிய தேசிய வங்கி வேண்டும் என்பது விக்குகளின் உயிர்க் கோரிக்கை. தேர்தலில் அதை வாய் திறந்து சொல்லவில்லை, டைலரிடமும் உறுதி வாங்கவில்லை. 1841இல் விக்குகள் நிறைவேற்றிய இரண்டு வங்கி மசோதாக்களையும் டைலர் நிராகரித்தார். செப்டம்பரில் அமைச்சரவை விலகியது. வெப்ஸ்டர் மட்டும் நாற்காலியை விடவில்லை. கட்சி தன் அதிபரையே கட்சியிலிருந்து நீக்கியது.